மாணவன் அ

பாண்டிராஜுக்கு டி.சி. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய மூன்று பேர் உட்கார்ந்தோம். தலைமையாசிரியர் லாசர் சார், பி.டி. வாத்தியார் ஸ்டீபன், நான். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளி. நான் இயற்பியல் எடுக்கிறேன்.

பையன் பிளஸ் டூ. செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது. இப்போது டி.சி. கொடுத்தால் அவனுக்கு இந்த வருடம் போயிற்று. இன்னொரு வருடம் படிக்கவைக்க வீட்டில் முடியாது. அவன் அண்ணன் ஏற்கெனவே பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அவன் செய்தது: சாப்பாட்டு வேளையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலால் அழகுபாண்டியின் வாயில் அடித்தான். முன்பல் உடைந்துவிட்டது.

அதற்கு முன் நடந்தது: வருகைப்பதிவில் 'பாண்டிராஜ்' என்று கூப்பிட்டால், கடைசி பெஞ்சிலிருந்து அழகுபாண்டி, "காலனி வந்திருச்சு சார்" என்பான். வகுப்பு சிரிக்கும். பள்ளி திறந்த நாளிலிருந்து இதுதான். அன்று வகுப்புத் தண்ணீர் கேனில் பாண்டிராஜ் தண்ணீர் பிடித்தான். அழகுபாண்டி கேனைக் காலால் கவிழ்த்தான். "காலனி கை வச்சிருச்சுடா. போய் வேற கேன் எடுத்துட்டு வாங்கடா."

"கேலி இல்லாத ஸ்கூல் எது மாப்ள?" என்றார் ஸ்டீபன். "என்னையப் படிக்கிறப்ப நெட்டக்கொக்குன்னுதான் கூப்பிடுவாய்ங்க. நான் எவன் பல்லையாச்சும் உடைச்சனா?"

"நீங்க தொட்ட தண்ணிய யாரும் கொட்டலையே அண்ணே," என்றேன்.

"அதுக்காக?"

லாசர் சாரிடம் போன வருடக் கதையைச் சொன்னேன். ஊருக்குள் இருக்கும் ஒரு பையன், கிரிக்கெட் ஸ்டம்பால் காலனிப் பையன் ஒருவனின் கையை உடைத்தான். அப்பாவைக் கூப்பிட்டோம். மன்னிப்புக் கேட்கவைத்தோம். அதோடு முடிந்தது.

"அது பசங்க சண்டை மெர்வின்," என்றார். "இது ரவுடித்தனம்."

அந்த இரண்டு சொற்களையும் நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் மனைவி ஜெனிஷாவிடம்.

ஜெனி குற்றவியல் ஆராய்ச்சி செய்தாள். போன மழைக்காலத்தில் டெங்குவில் இறந்துவிட்டாள். அவள் ஆராய்ச்சி அரைப்பக்கக் கதை ஒன்றை வைத்து நடந்தது. ஒரு மாணவன் இன்னொரு மாணவனை அடிக்கிறான். எல்லாத் தாளிலும் அதே கதை. அடித்தவனின் பெயரும் தெருவும் மட்டும் மாறும். திருவாதவூர் வரைக்கும் போய் ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், பெற்றோர் எல்லோரிடமும் கொடுத்தாள். இதை என்னவென்று சொல்வீர்கள், என்ன தண்டனை கொடுப்பீர்கள் என்று கேட்டாள். ஒரு தெருவைப் போட்டால் 'சண்டை' என்றார்கள். இன்னொரு தெருவைப் போட்டால் 'ரவுடித்தனம்' என்றார்கள். எந்தச் சொல்லோ, தண்டனையும் அதன்படி.

பெயரே போடாத தாள் ஒன்றும் வைத்திருந்தாள். அதில் எல்லோரும் நிதானமாகப் பதில் சொன்னார்கள். "நீதி தேவதைக்குக் கண்ணைக் கட்டுனது பத்தாது மெர்வின். நம்ம ஊர்ல காதையும் கட்டணும்," என்று சிரித்தாள்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். ஸ்டீபன் அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். லாசர் சார் ஜெனியின் அடக்கத்தன்று மழையில் எனக்குக் குடை பிடித்தவர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சரிப்பா. ஜெனி செஞ்ச மாதிரியே செய்வோம். பேர் இல்லாம நடந்ததை எழுது. மேலூர்ப் பக்கம் நம்ம ஸ்கூல் ஒண்ணு இருக்குல்ல, அவங்க டிசிப்ளின் கமிட்டிக்கு அனுப்புவோம். அவங்களுக்கு இவனையும் தெரியாது, அவனையும் தெரியாது. அவங்க சொல்றதுதான் முடிவு."

ஒப்புக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் பசித்தது. ரொம்ப நாளாகப் பசித்ததில்லை.

உட்கார்ந்து எழுதினேன். மாணவன் அ. மாணவன் ஆ. ஊரை எடுத்தேன். தெருவை எடுத்தேன். வருகைப்பதிவில் நடந்ததை எழுதும்போது கை நின்றது. 'காலனி' என்று எழுதினால் எல்லாம் தெரிந்துவிடும். எடுத்தேன். ஒருவன் தொட்டதற்காகத் தண்ணீரைக் கொட்டினார்கள் என்று எழுதினாலும் தெரிந்துவிடும். அதையும் எடுத்தேன். 'மாணவன் ஆ, மாணவன் அ-வைச் சில காலமாகக் கேலி செய்துவந்தார்' என்று ஒரு வரி வைத்தேன்.

காலையில் லாசர் சார் படித்தார். "எதை வச்சுக் கேலின்னு போன் போட்டுக் கேப்பாங்க. நான் சொல்லித்தான் ஆகணும். அப்புறம் பேரை மறைச்சு என்ன பிரயோஜனம்? நீதானே கேட்ட?"

சரியாகத்தான் பட்டது. 'இருவருக்கும் இடையே வாக்குவாதம்' என்று மாற்றிக்கொடுத்தேன். தாளில் ஒரு கறை இல்லை. ஜெனி பார்த்திருந்தால் பாராட்டியிருப்பாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. லாசர் சார் சத்தமாகப் படித்தார். 'அற்பமான வாக்குவாதத்துக்காகச் சக மாணவனின் பல்லை உடைத்தது வெறிச்செயல். இம்மாணவன் பள்ளியில் தொடர்வது மற்ற மாணவர்களுக்கு ஆபத்து.' ஐந்து பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"சார், நான் ஒரு விஷயத்தை விட்டுட்டேன். திருப்பி எழுதுறேன்."

"எதை?"

"அவன் ஏன் அடிச்சான்னு."

"அதை எழுதுனா யாருன்னு தெரிஞ்சிரும்ல மெர்வின்."

அவர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் கோபமே இல்லை.

"பேர் தெரியாமலே அஞ்சு பேரும் ஒண்ணாச் சொல்லிருக்காங்க. இனிமே ஜாதி பாத்துட்டாங்கன்னு ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது. ஜெனிக்குத்தான் நன்றி சொல்லணும்."

வீட்டில் கட்டிலுக்கடியில் ஜெனியின் தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒன்றை உருவிப் படித்தேன். ஒரு மாணவன் இன்னொருவனை அடிக்கிறான். ஏன் அடித்தான் என்று இல்லை. வேறு கட்டைப் பிரித்தேன். அதிலும் இல்லை. எதிலும் இல்லை. ஏன் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். காரணம் வைத்திருப்பாள். எனக்குப் புரியும்படி சொல்லியிருப்பாள். கட்டை மறுபடியும் நூலால் கட்டி உள்ளே தள்ளினேன்.

திங்கட்கிழமை பாண்டிராஜின் அம்மா பாண்டிமீனா வந்தார். களை எடுக்கப் போனவர் பாதியில் வந்திருந்தார். சேலையில் சேறு காயவில்லை. அலுவலகத்தில் நான்தான் டி.சி.யைக் கொடுத்தேன்.

"இதுல நடத்தைன்னு போட்டுருக்கே, என்ன சார் போட்டுருக்கு?"

"நன்று."

வேறெந்தப் பள்ளியிலாவது சேர்த்துக்கொள்ளட்டும் என்று லாசர் சார் இரக்கப்பட்டுப் போட்டது.

"நல்லவன்னு எழுதிப்புட்டு எதுக்கு சார் வெளிய அனுப்புறீக?"

கையெழுத்து நோட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பல்லுக்கு ஆன செலவக் கட்டிர்றோம் சார். கால்ல விழச் சொன்னாலும் விழுந்திர்றேன். இந்தப் பரிச்சைய மட்டும் எழுத விடுங்க."

"எம்மா, வா போவோம்," என்றான் பாண்டிராஜ். பிறகு என் பக்கம் திரும்பினான். "சார், மேலூருக்குத் தாள் அனுப்புனதை பி.டி. சார் சொன்னாரு. அதுல அவன் சொன்னதெல்லாம் எழுதுனீங்களா?"

"இல்ல."

"கேன் கவுத்தது?"

"இல்லப்பா. எழுதினா நீ யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும்னு..."

"தெரிஞ்சா என்ன சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பானே, அந்த முகம்தான். நன்றாகப் படிக்கிற பையன். பதிலுக்காகக் கொஞ்சம் நின்றான். அப்புறம் டி.சி.யை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். இருவரும் வாசல் வேப்ப மரத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போனார்கள். திண்டுக்கல் பஸ் ஒன்று நிற்காமல் போயிற்று.

மதியம் முதல் பீரியட் எனக்கு. வருகைப்பதிவு எடுத்தேன். பழக்கத்தில் அவன் பெயரையும் கூப்பிட்டுவிட்டேன்.

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அழகுபாண்டி வாயைக் கையால் மூடிக்கொண்டு குனிந்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.