பின்பக்கம் இரண்டு பட்டன்

வீடியோ கேம் கன்ட்ரோலரின் நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கியதும் ஷைஜாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். பச்சை போர்டு தெரிய வேண்டிய இடத்தில் தேன் நிறத்தில் எதையோ பூசி, அது கண்ணாடிபோல உறைந்து கிடந்தது. நகத்தால் தட்டிப் பார்த்தாள். கல்லாக இருந்தது.

"இது என்னதுலே?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற இருவரும் தூத்தூர்க்காரர்கள். ஒரே விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். நெடியவன் பெனிட்டோ. மற்றவன் டெல்வின், கன்ட்ரோலர் அவனுடையது. அவனுடைய வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. நடுவில் இருந்த மூன்றையும் போன நவம்பரில் படகில் கயிறு சுற்றும் விஞ்சு இயந்திரம் கொண்டுபோயிருந்தது.

"ரெசினாக்கும் அக்கா," என்றான் பெனிட்டோ. "வள்ளத்துல ஓட்டை விழுந்தா பைபர் ஒட்டுவோம்லா, அது. நாந்தான் பூசினேன்."

"வள்ளத்துக்குப் பூசுறத இதுக்குப் பூசினியா?"

"உப்புக் காத்து அக்கா. நாப்பது நாளு கடல்ல கெடந்தா போர்டு பச்சை பிடிச்சு செத்துப்போவும். எங்க படகுல மூணு பேருக்குள்ளது அப்படித்தான் போச்சு. இது மட்டும் ரெண்டு வருசமா ஓடுது."

ஷைஜா போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ரிப்பன் வயர் செருகும் இடத்தில் மட்டும் செலோடேப் ஒட்டிவிட்டு மற்ற இடமெல்லாம் ஒரே கனத்தில் பூசியிருந்தான். ஓரம்கூடப் பிசிறில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்த முட்டாள்தனத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணமணி வைத்திருக்கும் செல்போன் கடையின் பின்பாதியில் ஷைஜாவின் மேசை இருந்தது. அதற்கு முன்னால் நான்கு வருடம் திருவனந்தபுரத்தில் இரவு வேலை. எங்கோ ஒரு நாட்டுச் சர்வர்கள் விழுந்தால் திரையில் சிவப்பு எரியும், அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருநாள் வேலைக்கு நடுவே எழுந்து வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. பத்து மாதம் வீட்டில் படுத்துக் கிடந்தாள். பிறகு ஒரு பழுதான கேம் கன்சோலைத் திறந்து சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தபோது தலைக்குள் இருந்த இரைச்சல் நின்றது. அவ்வளவுதான் கதை. யாராவது கேட்டால் அந்த வேலை பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்வாள்.

"என்ன செய்யணும், அதச் சொல்லு," என்றாள்.

டெல்வின் இப்போதுதான் வாயைத் திறந்தான். கன்ட்ரோலரின் வலப்பக்கத் தோளில் இரண்டு பட்டன்கள் உண்டு. திரையில் ஆடும் கால்பந்து ஆட்டத்தில் ஒன்றை அழுத்தினால் ஆட்டக்காரன் வேகமெடுப்பான். இன்னொன்றை அழுத்தினால் கூட்டாளி ஓடிவந்து எதிராளியை மறிப்பான். இரண்டும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரியவை. அந்த விரல்கள் இல்லை.

"நாளைக்கி எங்க சர்ச்சு பங்கு மண்டபத்துல டோர்ணமென்ட். தடைக்காலம்லா, எல்லாப் படகும் கரையில. ரெண்டு ரெண்டு பேரா ஆடணும். எனக்கும் இவனுக்கும் ஒரு டீமு."

"வேற கன்ட்ரோலர் வாங்கினா என்ன?"

"இஞ்ச கிடைக்கதெல்லாம் டூப்ளிகேட்டு. பட்டன் அமுக்கிப் பொறவு பந்து கிளம்பதுக்குள்ள அவன் கோல் போட்டுருவான். கமிட்டியிலயும் ஒரிஜினல் இல்லேன்னா விடமாட்டாங்க."

"ஒரு டோர்ணமென்ட் ஆடலேன்னா என்ன?"

டெல்வின் வலது கையை மேசைமேல் எடுத்து வைத்தான். "எட்டு மாசமா ஒருத்தனும் என்ன ஏசலக்கா. சீட்டாடினா எனக்கு ஜெயிக்க விட்டுத் தாரானுவ. ஐஸ் பிளான்ட்டுல சும்மா இருந்து எண்ணுற வேலை தாரேன்னு ஓனரு சொல்லுதாரு. கேமுலயும் அப்படித்தான். நான் பந்த எடுத்தா எதுத்தாப்புல இருக்கவன் கைய எடுத்துருவான். ஒருத்தனாவது என்கிட்ட தோக்கக் கூடாதுன்னு ஆடணும். அதுக்கு நான் ஒழுங்கா ஓடணும்லா."

பெனிட்டோ வாசலைப் பார்த்துக்கொண்டு, "கபிரியேலண்ணன் அஞ்சு மணிக்குள்ள பேரு கேக்காரு," என்றான். கபிரியேல் இளைஞர் மன்றச் செயலாளர். "இது நடக்கலேன்னா வேற ஆளு பேரு குடுக்கணும்."

காலை பதினொரு மணி ஆகியிருந்தது. ஷைஜா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

யோசனை எளிதுதான். அந்த இரண்டு பட்டன்களுக்கும் போர்டில் கடுகளவு பேடுகள், அதாவது கம்பி ஒட்டும் உலோகப் பொட்டுகள், இருக்கும். அவற்றிலிருந்து மெல்லிய கம்பி இழுத்து, கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தில் இடதுகை நடுவிரலும் மோதிரவிரலும் படும் இடத்தில் இரண்டு சின்னப் பட்டன்களை வைத்துவிட்டால் போதும். கம்பியை அவள் முத்துக்கனியின் மோட்டார் வைண்டிங் பட்டறையில்தான் வாங்குவாள். மேலே எனாமல் பூசிய, தலைமுடி கனத்திலான செம்புக் கம்பி. கடைகளில் விற்கும் வயர் இந்த வேலைக்குக் கயிறு மாதிரி.

ஆனால் பேடுக்குப் போகிற வழியை ரெசின் அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தேய்த்தாள். பளபளப்புதான் கூடியது. பிளேடால் சுரண்டினாள். வழுக்கியது. கடைசியில் ஹாட் ஏர் குழலை எடுத்து, சூட்டைக் குறைத்து வைத்து, தள்ளிப் பிடித்து ஊதினாள். இரண்டு நிமிடத்தில் ரெசின் பழைய சோப்புபோல இளகியது. கடைக்குள் வள்ளம் கட்டும் இடத்தின் வாடை எழுந்தது.

"யாரு பிள்ளே கடைக்குள்ள வள்ளம் பணியது?" என்று முன்பக்கத்திலிருந்து கிருஷ்ணமணி கேட்டார்.

பல்குத்தும் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். முதல் பேடு வெள்ளிபோலத் தெரிந்தது. ஈயத்தைப் பிடிக்கவைக்கும் ஃப்ளக்ஸ் பசை ஒரு துளி வைத்து, அயர்னின் ஊசி முனையை ஒரு நொடி தொட்டு, ஈயம் பூசினாள். கம்பியின் நுனியை உருகிய ஈயத்துக்குள் முக்கி எனாமலை எரித்தாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து இன்னொரு தொடல். ஈயம் பளிச்சென்று பரவி அடங்கியது. மல்டிமீட்டரை வைத்ததும் இணைப்பு சரி என்று பீப் அடித்தது.

"கொள்ளாம், நல்லாருக்கு," என்றான் பெனிட்டோ.

இரண்டாவது பேடுதான் வேகமாக ஓடவைக்கும் பட்டனுடையது. ஒன்று சரியாக வந்த தைரியத்தில் அவள் ரெசின் முழுதும் இளகும்வரை பொறுக்கவில்லை. குச்சியைக் கொடுத்து நெம்பினாள். ரெசின் ஒரு சில்லாகக் கழன்று வந்தது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு பேடும் வந்துவிட்டது. போர்டில் ஒரு வெளிறிய பொட்டு மட்டும் மிச்சம்.

சில்லைத் திருப்பிப் பார்த்தாள். அயர்னை ஸ்டாண்டில் வைத்தாள்.

"பேடு போச்சு," என்றாள். "ரெசின் மேல குத்தம் இல்ல. நான் அவசரப்பட்டுட்டேன்."

மணி மூன்று. பெனிட்டோ போனை எடுத்தான். "அப்போ பேர மாத்திச் சொல்லட்டா?"

"போன உள்ள வையிலே," என்றான் டெல்வின். சத்தம் போடவில்லை. இடதுகையால் மேசை விளிம்பைப் பிடித்திருந்தான். "அக்கா, இனி ஒண்ணும் செய்ய முடியாதா?"

"தெரியாது. கொஞ்சம் பேசாம இரு."

பேடு என்பது ஒரு வழியின் முனை. முனை உடைந்தாலும் வழி போர்டுக்குள் எங்கோ ஓடத்தான் வேண்டும். போர்டைத் தூக்கி, பின்னால் போன் டார்ச்சை வைத்துப் பார்த்தாள். ரெசினும் போர்டும் வெளிச்சத்தில் வெல்லப்பாகுபோல ஒளிர்ந்தன. நடுவே கருப்பு நூல்களாகச் செம்புத் தடங்கள். வெளிறிய பொட்டிலிருந்து ஒரு நூல் கிளம்பி, வளைந்து, அரிசிமணி நீளம் போய் ஒரு துளைக்குள் இறங்கியது. கண்ணைச் சிமிட்டினால் தவறிவிடும். பேனாவால் பக்கத்தில் புள்ளி வைத்தாள்.

இந்தத் தடவை ஹாட் ஏரை ஐந்து நிமிடம் பிடித்தாள். கை வலித்தது, இறக்கவில்லை. ரெசின் தானாக விட்டுக்கொடுத்தது. பிறகு பூதக்கண்ணாடியை முகத்துக்கு நேராக இழுத்துக்கொண்டு, சர்ஜிக்கல் பிளேடின் முனையால் தடத்தின் மேலிருந்த பச்சைப் பூச்சைச் சுரண்டினாள். அழுத்தினால் செம்பு அறுந்துவிடும். அழுத்தாவிட்டால் பூச்சு போகாது. மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்குள் ஒரு கீறல். இருபது கீறலுக்குப் பிறகு செம்பு மின்னியது.

ஃப்ளக்ஸ். ஈயம். கம்பி. ஒரு தொடல்.

மீட்டரை வைத்தாள். பீப் வரவில்லை. முனையைச் சற்றே நகர்த்தி வைத்தாள். வந்தது. நீளமாக, நிற்காமல்.

"அக்கா, அந்தக் கம்பி அசையாம இருக்க கொஞ்சம் ரெசின் வைக்கட்டா?" என்று பெனிட்டோ குனிந்தான்.

"தொட்டா உன் விரலை நறுக்கிருவேன்."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் நிற்பவனின் கை அவளுக்கு நினைவு வந்தது. டெல்வின் சிரித்துக்கொண்டிருந்தான். "நறுக்குங்கக்கா. எனக்கு ஒரு ஜோடி ஆச்சு." பெனிட்டோ கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

பட்டன்களை எங்கே ஒட்டுவது என்பதில் இன்னொரு தடை வந்தது. எல்லாரும் கன்ட்ரோலரைப் பிடிக்கிற மாதிரி தன் கையில் பிடித்து அவள் குறித்து வைத்திருந்த இடத்தில் டெல்வினின் விரல் போகவே இல்லை. அவன் கன்ட்ரோலரை வயிற்றோடு அணைத்து, இரண்டு கால்முட்டியாலும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"இது என்ன பிடி?"

"படகு ஆடும்லா. இப்படிப் பிடிக்கலேன்னா கையில நிக்காது."

"தரையில இருக்கும்போதுமா?"

"பழகிப்போச்சு."

அதுவும் நல்லதுக்குத்தான். முட்டி பிடித்துக்கொள்வதால் இடதுகை விரல்களுக்குத் தாங்குகிற வேலை இல்லை. அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆடச் சொல்லி, விரல் எங்கே விழுகிறதோ அங்கே பேனாவால் குறித்தாள். அவள் முதலில் வைத்த குறியிலிருந்து ஒரு அங்குலம் கீழே. அங்கேயே துளைபோட்டாள். நாலே முக்காலுக்குப் பெனிட்டோ போன் செய்து பேர் கொடுத்தான்: பெனிட்டோ, டெல்வின்.

மறுநாள் மதியம் ஷைஜா அயர்னையும் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு தூத்தூருக்கு பஸ் ஏறினாள். ஜாயின்ட் விட்டுப்போனால் ஒட்ட வேண்டும் என்று கிருஷ்ணமணியிடம் காரணம் சொன்னாள். காரணம் பாதி உண்மை.

பங்கு மண்டபத்தில் இரண்டு டிவி, நூற்றைம்பது பேர், புழுக்கம். வெளியே மழை. டெல்வின் முன்வரிசை நாற்காலியில் கன்ட்ரோலரை முட்டிக்குள் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர் டீமில் ஜெபிஷ் என்றொரு கட்டைகுட்டையான ஆள். ஆட்டம் தொடங்கியதும் அவன் டெல்வினைப் பார்த்து இளித்துவிட்டு, முதல் இரண்டு நிமிடம் பந்தைத் தொடாமல் விட்டான். டெல்வின் ஓடிக் கோல் அடித்தான். ஒன்று. பெனிட்டோ கொடுக்க மீண்டும் ஓடினான். இரண்டு. ஜெபிஷின் இளிப்பு போனது. நிமிர்ந்து உட்கார்ந்து இப்போது மெய்யாகவே ஆடினான். அப்படியும் மூன்று.

ஜெபிஷ் ஆட்டத்தை நிறுத்தினான்.

"கபிரியேலண்ணா, இஞ்ச வாங்க. இவனுக்கதுல பின்னால ரெண்டு பட்டன் கூட இருக்கு. இது கள்ளக்களி."

பின்வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். கபிரியேல் நெளிந்துகொண்டே வந்தார். "விடுலே ஜெபிஷு. அவனுக்கு கை அப்படி இருக்கதுனால..."

"கை இல்லேன்னா? அதுக்கு நான் கோலு வாங்கணுமா? மூணு அடிச்சிட்டான், இன்னும் விடுன்னு சொல்லுதீங்க."

ஷைஜா டெல்வினின் முகத்தைப் பார்த்தாள். அது வெளுக்கவில்லை, சிவந்திருந்தது. அவன் எழுந்து கன்ட்ரோலரைக் கபிரியேலின் கையில் வைத்தான்.

"அண்ணா, சும்மா விடாதீங்க. செக் பண்ணுங்க. கள்ளம்னா என்னை வெளிய அனுப்புங்க."

ஷைஜா திருகாணிகளைக் கழற்றினாள். தோள் பட்டனை அழுத்தி மீட்டரை வைத்தாள், பீப். பின்பட்டனை அழுத்தினாள், அதே இடத்தில் அதே பீப். "ரெண்டும் ஒரே பட்டன்தான். கூட ஒண்ணும் செய்யாது. வாசல் மாறியிருக்கு, வீடு ஒண்ணுதான்." கபிரியேல் தானும் ஒருமுறை அழுத்திக் கேட்டுவிட்டு, ஆட்டம் செல்லும் என்றார்.

"அப்போ பின்னால இருந்தா கைக்கு எளுப்பம்லா," என்றான் ஜெபிஷ், விடாமல். "எனக்கும் வச்சுத் தரணும்."

"மூணு வெரல அறுத்துட்டு வாலே," என்றான் டெல்வின். "அக்கா வச்சுத் தருவா."

எட்டு மாதமாக யாரும் தொடாத பேச்சு அது. பின்வரிசையில் ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு மண்டபம் முழுதும் சிரித்தது. ஜெபிஷுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "உக்காருலே. ஒன்ன இன்னைக்கி விடமாட்டேன்," என்றான்.

விடவும் இல்லை. ஆட்டம் தொடங்கிய ஒரு நிமிடத்தில் டெல்வினின் ஆளை இடித்துத் தள்ளிப் பந்தைப் பிடுங்கி ஒரு கோல் போட்டான். இரக்கமே இல்லாத கோல். அடுத்ததும் அவன்தான். மூன்றுக்கு இரண்டு. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது.

"கண்ணு எங்கலே இருக்கு ஒனக்கு?" என்று பெனிட்டோ டெல்வினைப் பார்த்துக் கத்தினான். "அவன விட்டுட்டு எங்க போய்க் கெடந்த? மடையா."

"தெரியும்லே, பேசாம பந்தக் குடு," என்றான் டெல்வின். முட்டியை இறுக்கி, பின்பட்டனை அழுத்திக்கொண்டு ஓடினான்.