பஸ் போர்டில் இருக்கிற ஊர்

இப்போதெல்லாம் வழி கேட்டால் எவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான், போனைத் தடவித் தடவி அதனிடம்தான் சொல்கிறான், கழுத்து நிமிராத ஜன்மங்கள்... ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் குலுங்கித் தலைநகரின் இந்தக் கல்லூரிச் சேர்க்கைக் கூடத்துக்கு வந்த கிழவனுக்கு ஒரு பெஞ்சைக் காட்ட நாதியில்லை, மகள்தான் இடம் பிடித்து உட்கார வைத்தாள், கண்ணுக்குச் சொட்டு மருந்தும் போட்டுவிட்டாள், கடைக்குட்டி, அவள் அம்மா போன பிறகு வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே பேச்சுத்துணை. பக்கத்தில் ஒரு பெண் தலைகூடக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறது, அடுத்த தெருவாம், நடந்தே வந்ததாம்... நடக்கிற தூரத்தில் நாலு கல்லூரி! நம் பக்கம் இருப்பது ஒன்றே ஒன்று, அதிலும் வேதியியல் ஆய்வகத்துக்குப் பூட்டு, எதிர்வீட்டுப் பையன் மூன்று வருஷம் படித்தும் ஒரு கண்ணாடிக் குழாயைத் தொட்டதில்லை, இவளுக்கோ அந்தப் படிப்பென்றால் உயிர்.

மகள் மடியில், எந்தெந்தக் கல்லூரி வேண்டுமென்று வரிசையாக நிரப்பி வைத்த விருப்பப் பட்டியல். அவருக்குப் பள்ளிக்கூடமெல்லாம் இரண்டே வருஷம், ஆனால் டிப்போவில் நாற்பது வருஷம் பஸ் கழுவியவர், போர்டைத் துடைத்துத் துடைத்து ஊர்ப் பெயர்கள் அத்துபடி. முதல் வரியில் என்ன இது... தலைநகரைக் காணோமே, நம் ஊரல்லவா குந்தியிருக்கிறது?

"என்னடி, நம்ம ஊரு காலேஜ மேல போட்டிருக்க?"

அவள் முகம் வெளுத்தது. "உங்களுக்குப் படிக்க வராதேப்பா..."

"பஸ் போகாத ஊரா எழுதியிருந்தா தப்பிச்சிருப்ப."

சிரித்தாள், பாதியிலேயே குரல் உடைந்தது. "மருந்து யாருப்பா போடுவா?"

"ஏன், எனக்குக் கையில்லையா? மாத்தி எழுது, கழுத."

அதற்குள் அவள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள், கூடவே போய், தலைநகர்க் கல்லூரியை மேலே மாற்றி எழுத வேண்டும் என்றார். மேசைக்காரர் தலை நிமிராமலே சொன்னார், "எங்க படிச்சாலும் ஒரே பட்டம்தான் பெரியவரே, பொண்ண ஏன் அலைக்கழிக்கிறீங்க?" ஒரே பட்டமா? "அப்போ இந்த ஊர்ப் பிள்ளைங்க ஒண்ணுகூட எங்க ஊருக்கு பஸ் ஏறலியே, ஏன் சார்?" மகள் பேனாவைத் திறந்தாள், அடித்து எழுதுவாளா, எழுதுகிற மாதிரி பாவனை செய்துவிட்டு அப்படியே நீட்டுவாளா, நின்று பார்த்திருக்கலாம், ஏனோ நிற்கப் பிடிக்கவில்லை, வாசலைப் பார்த்து நடந்தார். ஒரே பட்டமாம், யாருக்குக் காது குத்துகிறான்... ஆனாலும் அந்த ஆள் சொன்னது நிஜமாகவே இருந்துவிடக் கூடாதா என்று நெஞ்சுக்குள் யார் கேட்டது, நானா... சீ, வாய்க்கு வந்ததை அளக்கிறான், அவனும் அவன் பட்டமும்.