ஒன்பதாம் மாடியின் மூன்றாம் கதவு

...வேண்டுமென்றே வைத்த பொறியாம், மேதைமையாம், கையிலிருந்த லென்ஸை இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள், துடைத்தது போதும் என்று தெரிந்தும். கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஆர்டர் பார்க்கும் கணினியில் அந்தப் பக்கம் காலையிலிருந்து திறந்தே கிடக்கிறது, பழைய வீடியோ கேம்களுக்கெல்லாம் ஜாதகம் எழுதி வைத்திருக்கும் இணையதளம், 'எரியும் மாடி', காசு போட்டு நின்றுகொண்டே ஆடுவது, வடிவமைத்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர், அண்ணன் பெயர் மட்டும்... அண்ணனோடு அந்த கேம் கம்பெனியில் உட்கார்ந்து பத்து மாடியையும் கட்டம் போட்ட தாளில் நிரப்பியது யார், தீயணைப்புக்காரனுக்குக் கழுத்து வரைய இடமில்லாமல் தலையைத் தோளிலேயே உட்கார வைத்தது யார்?

காலையில் அவனே கூப்பிட்டான். "பாப்பா, என்னைப் பேட்டி எடுக்க வராங்க, நீ ஏதோ கிறுக்கி வெச்சிருப்பியே, அந்தத் தாளெல்லாம் இருந்தா அனுப்பேன்." கிறுக்கியதாம். "தேடிப் பார்க்கறேண்ணா" என்றாள், குரலில் தேன் ஒழுக. பேட்டிக்காரர் வருவதற்குள் அந்தப் பெயரை அங்கிருந்து பெயர்த்து எடுத்துவிட வேண்டும், 'சார், உங்க பேரையே காணோமே' என்று அவர் கேட்க வேண்டும், அண்ணியும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்பதாம் மாடியில் மூன்றாம் கதவு திறக்காது, ஆடுகிறவன் புகையில் சிக்கிச் சாவான், அதைத்தான் இந்தத் தளத்துக்காரர்கள் மேதைமை என்கிறார்கள். பொறியுமில்லை, ஒரு மண்ணுமில்லை, காய்ச்சலோடு நிரப்பியதில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டாள், மறுநாள் படுத்தவள் ஒரு வாரம் எழவில்லை, வேலைக்குத் திரும்பி வந்தபோது கேம் பெட்டிகள் லாரி ஏறியிருந்தன, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எவர் கண்ணிலும் படவில்லை என்றுதான் இத்தனை வருஷமும்... அந்தக் கதவின் கதை தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அதுவே போதும் அவனைக் கவிழ்க்க.

"அக்கா, பெரியவர் கண்ணாடி ஆச்சா? சுவத்தைப் பார்த்துச் சிரிச்சிட்டு உக்காந்திருக்காரு" என்று முன்னாலிருந்து கடைக்காரர். "சுவரு தெரியுதுல்ல, அப்புறம் என்ன அவசரம்? ரெண்டு நிமிஷம்." திருத்தம் என்ற பொத்தானை அழுத்தினாள், ஆதாரம் கேட்டது. அவர்களிடம் மட்டும் என்ன ஆதாரம் இருக்கிறதாம்? பெயருக்குப் பக்கத்திலிருந்த படத்தைத் தொட்டாள், லென்ஸ் பார்க்கும் கண்ணால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கம்பெனியின் பழைய கோளாறுச் சீட்டு, எந்தத் தப்பு யாருடையது என்று எழுதி வைப்பது, யாரோ பத்திரப்படுத்தியிருக்கிறார்கள், 'ஒன்பதாம் மாடி, மூன்றாம் கதவு. செய்தவர்:' அதற்கு நேராக அண்ணன் கையெழுத்து. தேதி, அவள் காய்ச்சலில் கிடந்த வாரம். அதற்கு முந்தின மாதம்தானே மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளிடம், "இன்னொரு தப்பு நடந்தா வீட்டுலயே இருந்துக்கம்மா" என்றது...

தப்பைச் செய்தவர் என்று அவன் போட்ட கையெழுத்தை கேமைச் செய்தவர் என்று படித்துவிட்டார்களா, அவன் பெயர் இந்தப் பக்கத்துக்கு வந்த வழி இதுதானா? நாற்பது வருஷத்தில் ஒரு நாளாவது வாயைத் திறந்தானா? கேட்டானா அவளை, அன்றைக்காவது? தவறைக்கூட அவளுக்கென்று விட்டுவைக்கவில்லையே இவன்... கோபத்தில் விரல்கள் தாமாக ஓடின, 'மூன்றாம் கதவு என் தவறு.' அடித்து முடித்த பிறகுதான் பார்த்தாள், அந்த வரியில் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.