மாத்திரையை நிறுத்திய மாதம்

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்குத்தான் உலகத்திலேயே அதிகமாகப் படி ஏறும் பாக்கியம் கிடைத்திருக்கிறது. லிஃப்ட் ஓடினால் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? நின்றால்தான் கூப்பிடுவார்கள். இயந்திர அறையோ மொட்டை மாடியில் இருக்கும். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் மூச்சு வாங்க ஏறுவதைக் கீழே நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட காலில்தான் கொலஸ்ட்ரால் மாத்திரை கை வைத்தது. தினமும் ஒன்று விழுங்க ஆரம்பித்ததிலிருந்து தொடையிலும் கெண்டைக்காலிலும் யாரோ துணி பிழிவதுபோல் வலி. பாதி மாடியிலேயே உட்கார்ந்துவிடுவேன். கால் இப்படியே இருந்தால் கிடங்கு வேலைதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் லிஃப்டைக் கட்டி மேய்த்தவன் மூலையில் உட்கார்ந்து திருகாணி பொறுக்குவதா?

வீட்டில் சொன்னால் மனைவி நம்பவில்லை. துணி காயப்போடச் சொன்னால் இடுப்பு, கடைக்குப் போகச் சொன்னால் தலைவலி, இப்போது காலா என்றாள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இந்த ஒரு தடவை நான் உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தேன். அவளுக்கு ஒரு பயமும் இருந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தானாகவே நிறுத்திய என் அண்ணன், மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் நிதானமான மனிதர். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஓர் ஊசி இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலில் போட்டுக்கொண்டால் போதும் என்றார். ஆனால் வலிக்கு மாத்திரைதான் காரணமா என்று முதலில் தெரிய வேண்டுமாம். ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். வலி போனால் ஊசி.

நிறுத்தினேன். டப்பாவை மனைவியிடமே கொடுத்துவிட்டேன். மாதம் முடிந்தது, வலி இம்மியும் குறையவில்லை. வாழ்நாளில் ஒருமுறை உண்மை பேசினேன், அதையும் என் காலே பொய்யாக்கிவிட்டது. ஊசியும் போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்துக்கொண்டேதான் டாக்டரிடம் போனேன்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மாத்திரை இல்லாமலே கொழுப்பு ஏறவில்லை, சாப்பாட்டில் நல்ல கட்டுப்பாடு என்று பாராட்டினார். வேலைக்குப் போகிற வழியில் தின்ற வறுத்த கோழியெல்லாம் என் கண்முன்னால் வந்துபோயிற்று. ஆனாலும் பாராட்டை மறுக்கிற பழக்கம் எனக்கில்லை.

“இனிமே மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கால் வலிக்கு எலும்பு டாக்டரைப் பாருங்க,” என்றார்.

எனக்கு வாயெல்லாம் பல். வேலை போகப்போவதுகூட அந்த நிமிஷம் மறந்துவிட்டது. பக்கத்தில் திரும்பினால், மனைவி முகம் வெளுத்துப்போய்க் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நிறுத்திடாதீங்க டாக்டர். இவர் ஒரு நாள்கூட மாத்திரையை விடல,” என்றாள். “நான்தான் தினமும் பொடிச்சு காப்பியில கலந்து கொடுத்தேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மாதமாகச் செத்துச் செத்து ஏறினேனே, உனக்கு மனசாட்சியே இல்லையா என்று அந்த அறையிலேயே கத்தினேன். அவள் அழவில்லை.

“உங்க அண்ணனுக்கு இப்ப எங்கயும் வலிக்கல,” என்றாள். “நீங்க வலியோடயே இருங்க. இருந்தா போதும்.”

ஒருவருக்குத் தெரியாமல் மருந்தைக் கலந்து கொடுப்பது ஆபத்து என்று டாக்டர் அவளைக் கண்டித்தார். டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, நிஜமாகவே ஒரு மாதம் நிறுத்தினார். வலி போனது. கொழுப்பு எகிறியது. ஊசி எழுதிக் கொடுத்தார்.

நர்ஸிடம் கற்றுக்கொண்டு அவளே போட்டுவிடுகிறாள். இயந்திர அறைவரை நிற்காமல் ஏறுகிறேன், வேலையும் தப்பியது, கொழுப்பும் இறங்கிவிட்டது. அவளுக்குத்தான் நிம்மதி இல்லை. மாத்திரை உள்ளே போனால் கால் வலிக்கும், வேலை செய்கிறது என்று தெரியும், இது என்ன மருந்து என்கிறாள். ரிப்போர்ட்டைக் காட்டினால், அன்றைக்கும் ரிப்போர்ட் நன்றாகத்தானே இருந்தது, அதைப் பார்த்து டாக்டரே ஏமாறவில்லையா என்று கேட்கிறாள்.

அதனால் வேலை முடிந்து வரும்போது எங்கள் வீட்டுப் படியில் காலை இழுத்து இழுத்து ஏறுகிறேன். வாசலில் நின்று தொடையைப் பிடித்துக்கொண்டு முனகுகிறேன். வலிக்கிறதா என்று கேட்டபடி ஓடி வருகிறாள்.

“கொஞ்சம் வலிக்குது,” என்கிறேன். அவள் முகம் தெளிந்துவிடுகிறது.