கடைசி வீட்டின் சாமித்தட்டு

ஷாமிளா வீட்டு வரைபடம் போடும் கேகாலை அலுவலகத்தின் கணினியில் கட்டில், கதவு, முகம் கழுவும் பேசின், கார் என்று எல்லாவற்றுக்கும் தயாரான சின்னங்கள் இருந்தன. சாமித்தட்டுக்கு மட்டும் இல்லை.

தெஹியோவிட்டவுக்கு அப்பால், அவள் பிறந்த றப்பர் தோட்டத்தில் வரிசை அறைகளான லயத்துக்குப் பதிலாக இருபத்துநான்கு தனி வீடுகள் கட்டப்போகிறார்கள். வீட்டுக்கு ஒரு சாமித்தட்டு வேண்டும் என்பது தோட்டத்தாரின் ஒரே பிடிவாதம். அதனால் அவளே ஒன்றை வரைந்தாள். ஒரு பலகை, அதன்மேல் ஒரு சுடர். முருகன் கோயில்காரருக்கும் பொருந்தும், மாதா கோயில்காரருக்கும் பொருந்தும். அதை பிளொக்காகச் சேமித்து, 'சாமி' என்று பெயரிட்டு, வீடு வீடாக வைத்துக்கொண்டு போனாள். பிளொக்கின் அழகே அதுதான். ஒரு முறை வரைந்தால் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். ஒன்றைத் திருத்தினால் அத்தனையும் திருந்திவிடும். சுடரைச் சற்றுக் கொழுக்க வைத்தபோது இருபத்துநான்கு சுடர்களும் சேர்ந்து கொழுத்ததைப் பார்த்து அவள் தனியாகச் சிரித்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் செபஸ்ரியன் போன் எடுத்தான். அந்த வீடுகளைக் கட்டும் கொந்தராத்துக்காரரிடம் சூப்பர்வைசர் வேலை அவனுக்கு.

"என்னா செய்யிற?"

"உங்க வீட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஓடை வளைவில் இருக்கும் கடைசி வீடு, சீட்டுக் குலுக்கலில் அவனுக்கும் அவன் அம்மா அந்தோனியம்மாவுக்கும் விழுந்திருந்தது.

"உங்க வீடா? நம்ம வீடுன்னு சொல்லு."

"எங்கப்பாகிட்ட சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்."

அங்கேதான் இரண்டு வருடமாக வண்டி நின்றிருந்தது. அப்பா பழனியாண்டி முருகன் கோயில் தலைவர். விஷயம் வேறு வாய் வழியாக அவர் காதுக்குப் போனால் கேகாலை வேலையும் போச்சு, செபஸ்ரியனும் போச்சு. தீபாவளி முடியட்டும் என்றான், நத்தார் முடியட்டும் என்றான், திருவிழா முடியட்டும் என்றான். பண்டிகைதான் முடிந்துகொண்டிருந்தது.

"சரி, நம்ம வீட்டுல சாமித்தட்டு எப்புடி?" என்று கேட்டான்.

அவளுக்குக் கன்னம் சூடேறியது. கடைசி வீட்டைத் திரை நிறையப் பெரிதாக்கி, சாமித்தட்டைத் திறந்தாள். சுடருக்கு இடப்பக்கம் ஒரு சிலுவை, வலப்பக்கம் ஒரு வேல் வரைந்தாள். படம் எடுத்து அனுப்பினாள். பிறகு அவன் மெதுவாக, "நம்ம வீடு," என்றான். அந்தக் குரலில் மயங்கி, அவள் சேமித்துவிட்டுக் கணினியை மூடினாள். அந்தத் தட்டும் பிளொக்தான் என்பது நினைவிலேயே இல்லை.

ஞாயிறு காலை, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் தொட்டில்களை ஒதுக்கிவிட்டு வெள்ளைச் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ஷாமிளாவின் முதலாளி முக்தார் புரொஜெக்டரைப் போட்டார். வயர் கழன்று விழாமல் செபஸ்ரியன் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்துநான்கு வீடுகளும் பளிச்சென்று எழுந்தன. இருபத்துநான்கு சிலுவை, இருபத்துநான்கு வேல்.

ஒன்றைத் திருத்தினால் அத்தனையும் என்பது ஷாமிளாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"ஏம் புள்ள, எங்கூட்டுல எதுக்கு சிலுவ?" என்றாள் முன்வரிசையில் இருந்த மூக்காயி.

"அனே, நம்ம வூட்டுல வேல் இருக்கே," என்றான் பின்னாலிருந்து ரொபர்ட். "மொட்ட போடணுமா இனி?"

மடுவமே சிரித்தது. முக்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஷாமிளா, என்ன இது?"

அவள் மவுஸைத் தேடினாள். செபஸ்ரியனுக்குப் பொறுக்கவில்லை.

"அது தவறிப் போச்சுங்க சேர். கடைசி வீட்டுக்கு மட்டுந்தான் போட்டது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. வயர் கையிலிருந்து நழுவியது. திரை இருண்டது. அவசரமாகச் செருகினான். திரும்ப வெளிச்சம் வந்தபோது எல்லோரும் திரையை விட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசி வூடு ஒன்னோடதுதானே," என்றாள் மூக்காயி நிதானமாக. "அங்க வேல் வச்சுக் கும்புடப் போறது யாரு?"

அந்தோனியம்மா மகனைப் பார்த்தாள். பிறகு ஷாமிளாவின் சிவந்த முகத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

பழனியாண்டி எழுந்தார். சிரிப்பு அடங்கியது. திரைக்குப் பக்கத்தில் போய்க் கடைசி வீட்டை உற்றுப் பார்த்தார்.

"ஒன்ன மாத்துனா எல்லாமே மாறுமா?"

"ஆமாப்பா."

"ஒன்ன மட்டும் மாத்த ஏலாதா?"

"ஏலும்ப்பா. வேற பேர் குடுத்து, அத மட்டும் தனியா வைக்கணும்."

அவர் திரையில் சிலுவையின்மேல் ஒரு தரம், வேலின்மேல் ஒரு தரம் விரலை வைத்து அளந்தார்.

"வேல் கட்டையா இருக்கே," என்றார்.

"அப்பா?"

"சிலுவ ஒசரமா இருக்கு. வேல் பாதிதான் இருக்கு. எம் மக கும்புடுற வேல் அப்புடி இருக்கக்கூடாது. ரெண்டும் சமமா இருக்கணும்."

செபஸ்ரியன் வயரைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டான். அந்தோனியம்மா தலைப்பை எடுத்தாள். நேற்றுவரை அண்ணே என்று கூப்பிட்டவள், "சம்பந்தி சொல்றது சரிதான் புள்ள, சமமாவே போடு," என்றாள்.

ஷாமிளா மற்ற வீடுகளின் தட்டுகளுக்குப் பழைய சுடரையே திருப்பிக் கொடுத்தாள். கடைசி வீட்டுத் தட்டைத் தனியாகப் பிரித்தாள். புதுப்பெயர் கேட்டுப் பெட்டி ஒன்று திரையில் வந்து நின்றது. அத்தனை பேர் முன்னாலும் 'நம்ம வீடு' என்று தட்டினாள். ரொபர்ட் விசிலடித்தான். வேலின் நுனியைப் பிடித்து மெல்ல உயர்த்தப் போனாள். மவுஸ் வழுக்கியதில் வேல் நீண்டு, சுவரைத் தாண்டி, குசினியைத் தாண்டி, ஓடையைக் கடந்து, றப்பர் மரங்களுக்குள் போய் நின்றது.

பழனியாண்டி மகளைத் திரும்பிப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு ஒளிந்திருந்தது.

"இம்புட்டு வேணாம் தாயி," என்றார்.