வலது கையில் எடுத்த ரத்தம்

பெரியக்கா காப்பியைக் குடித்து முடித்து, கப்பைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"அடிப்பாவி," என்றாள் சின்னக்கா. "வெறும் வயித்துல போகணும்னு ஒரு வாரமா என் உயிரை எடுத்தியே!"

ஃப்ரிட்ஜ் கதவில் பெரியக்காவே எழுதி ஒட்டிய காகிதம்: 'இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும்.' மட்டும் என்பதன் கீழே இரண்டு கோடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது பேரை மேய்த்தவளின் கோடு அது.

"கை தானா போயிடுச்சுடி. நான் என்ன வேணும்னா குடிச்சேன்?"

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர்கள் பெரியக்கா, சின்னக்காதான். அறுபத்தொன்பதும் அறுபத்தைந்தும். மூத்தவள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். இளையவள் கணவன் போன பிறகு அக்காவிடம் வந்து சேர்ந்தாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கீழே பொதுக்கூடத்தில் அன்று அறுபது தாண்டிய பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை. வெளியூரில் இருக்கும் அண்ணன் மகள் போன் மேல் போன் போட்டு இரண்டு பேரையும் பதிந்து வைத்திருந்தாள்.

"போய் உள்ளதைச் சொல்லு. இன்னொரு நாள் லேபுக்கே போய்க் குடுத்துக்கலாம்."

"யாரு, நானா? பிஸ்கெட்டைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு கீழ்வீட்டு டீச்சரை நேத்துதான் மெரட்டிட்டு வந்தேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்றது?" பெரியக்கா கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் சேர்த்து நீயே குடுத்துட்டு வாயேன். ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே ரத்தம்தானே?"

சின்னக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கூடத்தில் இரண்டு மேசை, நடுவில் ஒரு திரை. முதல் மேசையில் இடது கையை நீட்டினாள். வெளியே வந்து, ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுப் பஞ்சை மறைத்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து இரண்டாவது மேசைக்குப் போனாள். அங்கே கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஒரு லேப்காரம்மா. அக்காவின் சீட்டைப் பார்த்துப் பெயரைப் படித்து, "நீங்கதானேம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"வலது கையா? பரவாயில்ல, குடுங்க. நரம்பு எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க! என் வயசுக்காரிங்களுக்கே இப்படி இல்லம்மா."

சின்னக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

நான்கு நாளில் ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் ஒருத்திக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு, இன்னொருத்திக்குப் பன்னிரண்டு புள்ளி நாலு. இருவருக்கும் பி பாசிட்டிவ். "அக்காவும் தங்கச்சியும் சொல்லிவச்சு ஆரோக்கியமா இருக்கீங்க" என்றார் முகாம் டாக்டர். அண்ணன் மகள் போனில் சந்தோஷப்பட்டாள். அக்காவை லேபுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்ற பேச்சு அன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய், அப்படியே ஓய்ந்தது.

மழைக்காலம் முடிந்ததும் பெரியக்கா இரண்டாவது மாடியிலேயே நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். முகம் வெளுத்தது. "டாக்டரைப் பார்க்கலாமா?" என்று சின்னக்கா கேட்டால், "அதான் ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்துச்சே" என்பாள். சின்னக்காவும் தலையாட்டினாள். பின்னால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை, சொன்ன பொய்யை அவளே நம்பிவிட்டிருந்தாள்.

பரிசோதனை நடந்த ஏழாவது மாதம் பெரியக்கா குளியலறையில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி எட்டு. குடலில் கட்டி. பல மாதங்களாக உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். ரத்தம் ஏற்ற வேண்டும். வகை பார்த்தார்கள். ஓ பாசிட்டிவ்.

அண்ணன் மகள் பழைய ரிப்போர்ட்டை நீட்டினாள். "இதுல பி-ன்னு இருக்கே டாக்டர்?"

"அப்ப இது இவங்க ரத்தமே இல்லை. லேப்ல டியூப் மாறியிருக்கு. அப்பவே சரியாப் பார்த்திருந்தா..."

கட்டிலில் பெரியக்கா கண்ணைத் திறந்து தங்கையைத் தேடினாள். "என்னடி இது," என்றாள் மெல்ல. "ஒரே ரத்தம்னுல்ல நெனச்சேன்."

"அத்தை என்னமோ உளர்றாங்க," என்று அண்ணன் மகள் அழுதாள். சின்னக்கா அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பதினோராம் நாள் பெரியக்கா போய்விட்டாள்.

அதன் பிறகு அந்த இரண்டு அறைகளில் சின்னக்கா பேசிய பேச்செல்லாம் அண்ணன் மகளிடம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வரும். ஒன்பதரைக்கே முகம் கழுவி, போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, ஜன்னலைச் சாத்தினீங்களா. வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. பால் பாக்கெட் வாங்கும்போது தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆறாவது ஞாயிறு அண்ணன் மகள் சொன்னாள்: "லேப் மேல புகார் குடுத்திருந்தேன்ல அத்தை? பதில் வந்துடுச்சு. அந்த மேசையில ரத்தம் எடுத்தவங்களை ஊசியே தொடக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. இன்னும் விடமாட்டேன்."

"அவங்க மேல தப்பில்லம்மா."

"உங்களுக்கு எல்லாருமே நல்லவங்க."

சொன்னால் இந்தக் குரலும் போய்விடும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. போனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"டியூப் மாறல கண்ணு. நான்தான் அக்காவுக்காகக் குடுத்தேன். அவ அன்னிக்குக் காப்பி குடிச்சுட்டா."

லைன் போய்விட்டதோ என்று "ஹலோ" என்றாள்.

"ஆஸ்பத்திரியிலயும் சொல்லலையே அத்தை," என்றது குரல். "நான் அப்புறம் பேசறேன்."

மறுநாள் லேபுக்குப் போனாள். கண்ணாடி தொங்கவிட்ட அந்த அம்மா வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்னக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"மூணு வாரமா என்னை இங்க உக்கார வச்சிருக்காங்கம்மா," என்றாள் அவள். "இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு டியூப் மாத்தினதில்ல. ராத்திரியெல்லாம் எங்க மாத்தினேன், எங்க மாத்தினேன்னு யோசிச்சு எனக்கே பைத்தியம் பிடிச்சுடும் போல இருந்துச்சு. நீங்க என்னடான்னா..."

"எழுதிக் குடுத்துடறேம்மா. யார்கிட்ட குடுக்கணும்?"

மேலதிகாரி அறையில் ஒரு தாளை வாங்கி, நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து, "அக்கா ரிப்போர்ட்டையும் திருத்திடுங்க. அது தப்பா இருக்க வேணாம்" என்றாள்.

"அதைத் திருத்தணும்னா சம்பந்தப்பட்டவங்களே நேர்ல வந்து மறுபடியும் ரத்தம் குடுக்..." பழக்கத்தில் சொல்லத் தொடங்கிய லேப்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள். சின்னக்கா உட்காரவில்லை.

அடுத்த வாரமே லேப்காரம்மா பழைய மேசைக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அந்த லேபின் கம்ப்யூட்டரில் பெரியக்கா இன்றைக்கும் பி பாசிட்டிவ்தான்.