மாடிக்குப் போன ஒயர்

மச்சில் துளை போட்டே, கரண்டு வேலை பார்க்கும் கோதண்டத்துக்குப் பாதி உயிர் போயிருந்தது. பழைய காலத்துச் சுண்ணாம்புத் தளம். உளியை அடிக்க அடிக்கக் கண்ணுக்குள் பொடி கொட்டியது. அது போதாதென்று, துளைக்கு அந்தப் பக்கம் போகவும் வழியில்லை. மாடியில் பரக்கத் பீவி இத்தா இருந்தார். புருஷன் மௌத்தாகி, அடக்கம் முடிந்து இரண்டு மாதம். வெளி ஆண் முகம் பார்க்கக் கூடாது.

அவருக்காகத்தான் இந்த அழைப்பு மணி மாட்டும் வேலையே. போன வெள்ளிக்கிழமை தலை சுற்றி விழுந்தவர், கூப்பிட்ட குரல் கீழே கேட்காமல் மதியம் வரைக்கும் தரையிலேயே கிடந்திருக்கிறார். மருமகள் பரீதா கைக்குழந்தையோடு பின்கட்டு அடுப்படியில் இருந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மேலே ஒரு சுவிட்ச், கீழே பேட்டரியில் அடிக்கிற மணி, நடுவில் ஒயர். இன்றைக்கே முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

ஒயரைத் துளை வழியாக மேலே தள்ளினான். மேலே கொண்டுபோய் வைத்திருந்த சுவிட்சில் அந்த முனையை மாட்டிவிட்டு வரச் சொன்னால், கரண்டு என்று பரீதா பின்வாங்கினாள். பேட்டரிதான், எறும்பு கடித்த அளவுகூட இருக்காது என்று அவன் சொன்னதை நம்பவில்லை. கடைசியில் பீவியே மேலிருந்து குரல் கொடுத்தார். ஓலை கிழித்துப் பெட்டி முடைகிற கைக்கு இதென்ன பெரிய வேலை என்றார். கோதண்டம் துளைக்கடியில் அண்ணாந்து நின்று சொன்னான்: இரண்டாகப் பிளக்கணும், மேல்தோலை உரிக்கணும், முறுக்கணும், திருகாணியில் மாட்டணும்.

கீழே பேட்டரியைச் சேர்த்தான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை வீறிட்டது.

சுவிட்சிலிருந்து கையை எடுக்கச் சொன்னான். தொடவே இல்லை என்றார் பீவி. அப்படியானால் தப்பு தன் முனையில்தான் என்று கழற்றி, வெட்டி, புதிதாகச் சீவி மாட்டினான். அதே அலறல். மறுபடி மாட்டினான். மறுபடியும் அதேதான். பசியாவரத்தில் இருக்கிற தன் வீட்டுக்குப் போகிற படகு கிளம்பும் நேரம் நெருங்கியது. சுவிட்சைக் கீழேயே மாட்டி மேலே கொடுத்தனுப்பி, ஒயரைத் துளையில் இறக்கியிருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது உத்தரம் நெடுக ஒயரை ஆணி அடித்தாகிவிட்டது. தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"பீவிம்மா, அந்த முனைய எப்டி மாட்னீங்க?"

"நல்லாத்தான் கீது. ரெண்டு கம்பியையும் சேத்துப் பின்னி இறுக்கிட்டேன். யார் இழுத்தாலும் வராது."

கோதண்டத்துக்குப் பொறுமை அறுந்தது. "பின்னக் கூடாதும்மா. ஒன்னு மாமியாருன்னு வெச்சுக்கோங்க, ஒன்னு மருமவ. ஒரே சுவிட்சுல இருக்கலாம், ஒட்டக் கூடாது."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் பரீதா நிற்பது நினைவுக்கு வந்தது. அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே மணியைப் பார்த்தாள்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றார் பீவி. "வூட்ல பழக்கமான வேலதானே."

பரீதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கோதண்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே பிரித்து மாட்டியாயிற்று என்று குரல் வரும்வரை காத்திருந்து, பேட்டரியைச் சேர்த்தான். மணி சும்மா இருந்தது. அவன் மூச்சு விடுவதற்குள் ஒருமுறை அடித்து நின்றது. பரீதா குழந்தையோடு மாடிக்கு ஓடினாள். சும்மா அடித்துப் பார்க்கிறார்கள் என்று அவன் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

இறங்கி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. என்னவாம் என்று கேட்டான்.

"ஒன்னுமில்ல. வர்றேனான்னு பாத்தாங்களாம்."

படகு போயிருக்கும். கோதண்டம் துளையை அடைக்கச் சுண்ணாம்பு குழைக்க உட்கார்ந்தான். மணி மறுபடி அடித்தது. பரீதா மறுபடி ஏறினாள்.